பெரிய வீட்டு மாடியில் நின்ற பீரோ

என் வேலைக்கு முதலில் உலை வைத்தவை வாத்துகள். பீரோ அப்புறம்தான் வந்தது.

சென்னையில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கிற வேலை எனக்கு. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை என்று தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டும். குறை கண்டுபிடிப்பதற்கா சம்பளம் தருகிறார்கள் என்று அம்மாவுக்கு இன்றுவரை ஆச்சரியம். "அதை நீ சும்மாவே செய்வியே" என்பாள். ஒன்பது வருஷம் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன். ஒரு ரூமில் நாலு கட்டில். ஒருத்தி தூங்கினால் மற்றவர்கள் விளக்கை அணைக்க வேண்டும், ஒருத்தி அழுதால் மற்றவர்கள் தூங்குவது போல் நடிக்க வேண்டும். போன் வந்தால் மாடிப்படியில் போய் நின்று பேச வேண்டும். அங்கேயும் எனக்கு முன்னால் ஒருத்தி நின்று பேசிக்கொண்டிருப்பாள்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்ன அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டேன். திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவில் எங்கள் ஊர். ஊரின் கிழக்கு ஓரத்தில் எங்கள் காலனி. அரசாங்கம் கொடுத்த தொகுப்பு வீட்டை இடித்துக் கட்டி, அதன் மேல் எனக்கென்று ஒரு ரூம் எடுத்தேன். எங்கள் தெருவில் அதுதான் முதல் மாடி ரூம். மேற்கே ஒரு ஜன்னல், தெற்கே ஒரு ஜன்னல், உள்பக்கம் தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளை முதல் நாள் காரணமே இல்லாமல் நாலைந்து தடவை போட்டுப் போட்டுத் திறந்தேன். முப்பத்தொரு வயதில் எனக்கு வாய்த்த முதல் தாழ்ப்பாள் அது.

ஆனால் சிக்னல் இல்லை. டவர் தூரத்தில், நடுவில் மூங்கில் தோப்பு, நாங்கள் பள்ளத்தில். ஊரில் சிக்னல் கிடைக்கிற இடம் வாய்க்கால் மதகு ஒன்றுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆகவே மதகுச் சுவரில் உட்கார்ந்து, தலைக்கு மேல் குடையைச் செருகிக்கொண்டு, ஆஸ்திரேலியாக்காரர்களோடு மீட்டிங் பேசினேன். அது சம்பா அறுப்பு முடிந்த சமயம். அறுத்த வயலில் மேய விடுவதற்கு வாத்துகளை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரர் தன் புரோகிராம் எவ்வளவு பிரமாதம் என்று உருக்கமாக விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில், நூற்றுக்கணக்கான வாத்துகள் ஒரே குரலில் என்னைக் கடந்து போயின. நாங்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து தன்னைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார். முகம் சிவந்து போயிற்று.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். மதுரைப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன், ஆனால் கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"ஒண்ணு, ஒழுங்கா ஒரு கனெக்ஷன் போடுங்க. இல்லன்னா சென்னைக்குக் கிளம்பி வந்துருங்க. அடுத்த மாசம் அவங்களுக்கு டெமோ காட்டணும். அதுல கட் ஆச்சுன்னா என்னால உங்களை அங்க வச்சுக்க முடியாது. வாத்து, ஆடு எதுவும் வரக் கூடாது."

மறுபடி அந்த ஹாஸ்டலா!

வழி சொன்னவர் சித்தப்பா. திருக்காட்டுப்பள்ளியில் அவருக்கு எலெக்ட்ரிக்கல் கடை. கடைக்கு நல்ல இன்டர்நெட் வருகிறது. அங்கேயிருந்து எங்கள் ஊருக்குக் கேபிள் இழுக்க முடியாது, ஆனால் கம்பியில்லாமலேயே அனுப்பலாம் என்றார். அதைப் பொருத்துகிறவர் ஒரு நாள் வந்தார். வெள்ளை நிறத்தில் சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிதாக இரண்டு தட்டுகள். ஒன்று சித்தப்பா கடை மொட்டைமாடியில், இன்னொன்று என் ரூமுக்கு மேல் ஒரு இரும்புக் குழாயில்.

"இந்தத் தட்டும் அந்தத் தட்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டே இருக்கணும்க்கா. நடுவுல எதுவும் நிக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்" என்றார். தட்டை மயிரிழை இந்தப் பக்கம், மயிரிழை அந்தப் பக்கம் என்று திருப்பித் திருப்பி வைத்தார். கடைசியில் கண்ணைச் சுருக்கி மேற்கே பார்த்தார். "அந்தப் பெரிய வீட்டு மாடிச் சுவரைக் கொஞ்சம் உரசிக்கிட்டுதான் வருது. பரவால்ல, ஓடும்."

பக்கத்தில் நின்ற அப்பாவுக்கு இதைக் கேட்டதும் முகமெல்லாம் மலர்ந்தது. "அங்கேர்ந்து கெளம்பி, பெரிய வீட்டைத் தாண்டி, நம்ம வீட்டுக்கு வருதா தம்பி?"

"ஆமாங்க."

"அட, நம்ம வாய்க்கா வர்ற வழி!"

எங்கள் ஊரில் எது வந்தாலும் மேற்கேயிருந்துதான் வரும். வாய்க்கால் மேற்கேயிருந்து வருகிறது. முதலில் பாய்வது பெரிய வீட்டு வயல், அது தலைமடை. கடைசியில் பாய்வது அப்பா குத்தகைக்கு எடுத்த துண்டு, அது கடைமடை. அவர்கள் பாய்ச்சி முடித்து மதகுப் பலகையைத் தூக்கினால்தான் எங்களுக்குத் தண்ணீர். அப்பா தன் வாழ்நாளில் பாதியைப் பெரிய வீட்டு வயலுக்குத் தண்ணீர் கட்டியும், மீதியைத் தன் வயலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருந்தும் கழித்தவர். அப்படிப்பட்டவருக்கு மேற்கேயிருந்து வானத்திலேயே ஒரு வாய்க்கால் வந்து தன் வீட்டில் இறங்குகிறது என்றால் வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில் போய்ச் சொல்லிவிட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, லைன் பிரமாதமாக ஓடியது. படம் நிற்கவில்லை, குரல் உடையவில்லை. தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு ராணி மாதிரி வேலை பார்த்தேன். பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு காலையில் எல்லாம் செத்துப் போயிற்று.

இன்டர்நெட் பெட்டியை அணைத்துப் போட்டேன், வயரைப் பிடுங்கிச் செருகினேன். ஒன்றும் இல்லை. எரிச்சலோடு மேற்கு ஜன்னலைத் திறந்தால் கண்ணில் பளீரென்று வெயில் அடித்தது. மேற்கேயிருந்து, காலை நேரத்தில்! கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். பெரிய வீட்டு மொட்டைமாடியில் ஒரு ஸ்டீல் பீரோ நின்றது. கதவின் உள்பக்கம் நிலைக்கண்ணாடி பதித்த, கல்யாணச் சீராக வருகிற பீரோ. இரண்டு கதவையும் விரியத் திறந்து, எங்கள் வீட்டைப் பார்க்க நிறுத்தியிருந்தார்கள். மாடியில் துணி காயப் போடுவார்கள், வடாம் காயப் போடுவார்கள். பீரோவைக் காயப் போட்டு நான் பார்த்ததில்லை.

அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். பெரிய வீட்டு ஐயாவுக்கு எழுபதுக்கு மேல் வயது. நிலத்தில் பாதி விற்றுப் போயிற்று, ஒரே பையன் அமெரிக்காவில். வீட்டில் அவரும் அவர் மனைவியும்தான். வாசலுக்கு வந்ததும் அப்பாவின் கால் பழக்கத்தில் கொல்லைப் பக்கம் திரும்பியது. நான் கையைப் பிடித்து இழுத்து முன்வாசலிலேயே நிறுத்தினேன். ஐயா வெளியே வந்தார். அப்பா அவரை ஐயா என்பார். நான் சார் என்பேன். அதில் எனக்கும் அவருக்கும் ஏற்கெனவே கொஞ்சம் உரசல் உண்டு.

"சார், உங்க மாடியில பீரோ நிக்குது."

"தெரியும்மா. நான்தான் நிக்க வச்சேன்."

"அது என் லைனை மறைக்குது சார்."

"மறைக்கத்தான் வச்சேன். பலகை போட்டிருக்கேன்." மதகை அடைப்பதைச் சொல்வது போலவே சொன்னார், ஒரு வெட்கமும் இல்லை. "என் வீட்டுத் தலைக்கு மேல ஓடுது. மேமடைக்காரன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"சார், அது தண்ணி இல்ல. நடுவுல யாரும் எடுத்துக்க முடியாது. அந்தத் தட்டுலேர்ந்து இந்தத் தட்டுக்கு வரும், அவ்வளவுதான்."

"கடைமடைக்காரங்க எல்லாரும் இதேதாம்மா சொல்லுவாங்க." பிறகு அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "எம் பையன் கூப்புட்டா மூஞ்சி கோணிக்கிட்டு அப்படியே நின்னு போவுது. பேரப்புள்ள குரல் ஒரு வார்த்தை வந்தா நாலு வார்த்தை வரல. இங்க தலைக்கு மேல வெள்ளமாப் போவுது, நான் வாய் நனைக்கக் கூடாதா?"

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. "அவ்வளவுதானே சார்? எங்க வீட்டுலேர்ந்து உங்க வீட்டுக்கு ஒரு கனெக்ஷன் தர்றேன். காசு வேணாம்" என்றேன்.

ஐயா அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார்.

"கேட்டியாப்பா? கடைமடையிலேர்ந்து மேமடைக்குத் தண்ணி ஏத்துறாளாம் ஒம் பொண்ணு!"

இரண்டு கிழவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பி வரும்போது வரப்பிலேயே சண்டை. "எங்கூட வந்துட்டு அவரோட சேந்து சிரிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

"இல்ல பாப்பா, அவரு சொல்றதுலயும் நியாயம் இருக்குல்ல. மேமடை பாயாம கீமடை பாயறது எந்த ஊர்ல உண்டு?"

"என் காசு! என் தட்டு! என் சித்தப்பா கடை!" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் வரப்பு வழுக்கி ஒரு கால் சேற்றில் இறங்கிவிட்டது. அப்பா கை கொடுத்துத் தூக்கினார். "மெதுவா பாப்பா. மொறைன்னு ஒண்ணு இருக்கு. அதுல நமக்கும் பங்கு இருக்கும்ல" என்றார். நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

மதகில் ஏறி, தட்டுப் பொருத்தியவருக்குப் போன் செய்தேன். குழாயை இன்னும் உயரமாக நடலாம், இழுகம்பி கட்ட வேண்டும், ஆனால் இப்போது நாகப்பட்டினம் பக்கம் வேலையாக இருக்கிறேன் என்றார். இது எப்படியோ ஐயாவின் காதுக்குப் போய்விட்டது. "ஏத்தட்டுமே. எங்கிட்ட இன்னொரு பீரோ இருக்கு. அது மேல தூக்கி வைப்பேன்" என்றாராம்.

விஷயம் ஊர்க் கூட்டத்துக்கு வந்தது. பால் சொசைட்டி வாசலில் கூடினார்கள். நான் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் படம் போட்டு விளக்கினேன். இது திருக்காட்டுப்பள்ளி, இது நம் ஊர், இது அலை, இது கண்ணுக்குத் தெரியாது, இதைத் தேக்க முடியாது, அள்ள முடியாது. காலேஜில்கூட நான் இவ்வளவு அழகாகப் பேசியதில்லை. எல்லாரும் மிகவும் கவனமாகக் கேட்டார்கள். முடித்ததும் ஒருவர் கை தூக்கினார்.

"மேட்டூர் மூடிட்டா இது வருமா, வராதா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லண்ணே!"

"அப்ப கோடையிலயும் வரும். நல்லதுதான்."

இன்னொருவர் எழுந்தார். "எங்க வயலுக்கு மேலயும்தான் போவுது. பயிருக்கு எதாச்சும் ஆவுமா?" ஆகாது என்றேன். "வெளைச்சல் கூடுமா?" கூடாது என்றேன். "அப்ப எதுக்கு அது எங்க வயலு மேல போவணும்?" என்று அவர் மனத்தாங்கலோடு உட்கார்ந்தார். வருஷா வருஷம் இதற்குத் தூர் வாருகிற செலவு யாருடையது என்று வேறொருவர் கேட்டார். தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைசியில் ஊர்ப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, நீ சொன்னது எல்லாம் நல்லாப் புரிஞ்சுது. அப்ப மொறை வச்சுக்கலாம்."

என்ன புரிந்தது! ஆனால் தீர்ப்பு ஆகிவிட்டது. காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை பெரிய வீட்டு முறை, பீரோ நிற்கலாம். பத்து மணிக்குப் பீரோவை மாடிப்படி ரூமுக்குப் பின்னால் தள்ளிவிட வேண்டும். அதற்கப்புறம் மறுநாள் காலை வரை எங்கள் முறை. பீரோவைத் தள்ளுவதற்கும் நிறுத்துவதற்கும் பொதுவான ஆள் ஒருவர் வேண்டும். மதகுப் பலகைக்கு எப்போதும் அப்படித்தான். யாரைப் போடலாம் என்று கேட்டபோது கூட்டம் முழுக்க என் அப்பாவைப் பார்த்தது. தண்ணீர் கட்டுவதில் அவரைத் தட்டிச் சொல்ல ஊரில் ஆள் கிடையாது. ஐயாவே தலையசைத்துவிட்டார்.

பெரிய வீட்டு மாடிப்படி கூடத்துக்கு உள்ளேயிருந்து ஏறுகிறது. கூட்டத்தில் யாரும் அதை யோசிக்கவில்லை. அல்லது எல்லாரும் யோசித்து, யாரும் வாயைத் திறக்கவில்லை. அத்தனை வருஷம் அந்த வயலில் உழைத்த அப்பா அந்த வீட்டின் கொல்லைக் கதவைத் தாண்டியதில்லை.

முதல் நாள் விடியற்காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். "தோள்லயே போட்டுக்கிட்டுப் போங்கப்பா" என்றேன். போட்டுக்கொண்டார். திரும்பி வந்தபோது அம்மா, "என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆவல. முன்வாசல்லயே போனேன். கூடத்துல நடக்கறப்ப கை மட்டும் தானாத் துண்டுகிட்ட போயிடுச்சு. அப்புறம் நெனப்பு வந்து விட்டுட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மா காப்பி கொடுத்தாங்க. டம்ளர்ல" என்றார்.

எனக்கு ஊர் மேலும் கோபம், அந்த வீட்டு மேலும் கோபம், ஒரு டம்ளர் காப்பிக்கு இப்படிப் பூரித்துப் போகிற அப்பா மேல் எல்லாவற்றையும் விடக் கோபம். போய் ரூம் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன்.

இதற்கு நடுவே ஐயா ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்திருந்தார். பீரோவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பையனுக்குப் போன் செய்தால் முகம் தெளிவாகத் தெரிகிறது, பேரப்பிள்ளை பேசுவது வார்த்தைக்கு வார்த்தை கேட்கிறது! பலகை போட்ட இடத்தில் அப்படியே தேங்கி நிற்கிறது என்று ஊரெல்லாம் சொன்னார். துபாயில் புருஷன் இருக்கிற இரண்டு பெண்கள்கூடக் காலையில் வந்து பீரோ முன்னால் நின்று பேசிவிட்டுப் போனார்கள். கண்ணாடியில் தலையைச் சரி செய்துகொள்ள வசதியாகவும் இருந்ததாம்.

விஷயம் வேறொன்றுமில்லை. அந்த மொட்டைமாடி மூங்கில் தோப்பை விட உயரம். சாதாரண செல்போன் டவர் சிக்னலே அங்கே நன்றாகக் கிடைக்கிறது. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசினால் முகம் கோணாமல் என்ன செய்யும்? இதை அவரிடமே போய்ச் சொன்னேன்.

"சார், பீரோ இல்லாமலே ஒரு நாள் மாடியில நின்னு பேசிப் பாருங்க. வரும்."

"தண்ணி நிக்காத வயல்ல யாராச்சும் நாத்து விடுவாங்களாம்மா?" என்றார். பரிதாபத்தோடு என்னைப் பார்த்தார். இவ்வளவு படித்தும் இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்ற பார்வை.

சரி, தொலையட்டும். பத்து மணிக்கு மேல் எனக்கு லைன் வந்தால் போதும். அப்பா ஒரு நாளும் தவறவில்லை. பீரோவுக்கு அடியில் ஒரு சாக்கைப் போட்டு வைத்திருந்தார். பத்து அடித்தால் அது சர்ரென்று நகர்வது என் ஜன்னலிலிருந்து தெரியும், உடனே என் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். டெமோவும் ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றுக்கு என்று முடிவாயிற்று. நம் முறைதானே என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த வியாழக்கிழமை பத்து அடித்தது. பீரோ நகரவில்லை.

பத்தேகால். இஸ்திரி போட்ட குர்தாவும், காமிராவில் தெரியாத இடத்தில் பழைய பாவாடையுமாக ஜன்னலில் நின்று பார்த்தேன். பத்தரை. கதவு விரித்தபடி பீரோ அப்படியே நிற்கிறது, கண்ணாடி பளபளக்கிறது. அப்பாவிடம் போன் உண்டு, ஆனால் அதை அவர் வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போவார். லேப்டாப்பில் மீட்டிங்கைத் திறந்து வைத்தேன். இணைப்புக்காகக் காத்திருக்கிறது என்று அது சுற்றிக்கொண்டே இருந்தது. ஹாஸ்டல் வார்டன் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மதகுக்கு ஓடலாமா என்று நினைத்தேன். போன வாரம் தண்ணீர் இல்லாத வாய்க்காலில் ஜேசிபி விட்டுத் தூர் வார ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு வாத்தே தேவலை. வேறு வழியில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜேசிபி வாரிப் போட்ட சேற்றை மிதித்தபடி வரப்பில் ஓட ஆரம்பித்தேன்.

பெரிய வீட்டு முன்வாசலில் நுழைந்து, கூடத்தைத் தாண்டி, யாரையும் கேட்காமல் மாடிப்படி ஏறினேன். என் சேற்றுக் கால்கள் அந்த மொசைக் தரையெல்லாம் பதிந்தன. "யாரும்மா அது?" என்று அந்த அம்மாள் சமையற்கட்டிலிருந்து கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

மேலே ஐயா நாற்காலி நுனியில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். பையன் அன்றைக்குத் தாமதமாகக் கூப்பிட்டிருக்கிறான். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஊருக்கு வரப் போகிறானாம். ஐயாவின் கண்ணெல்லாம் தண்ணீர். அப்பா பீரோவின் பக்கவாட்டில் இரண்டு கையையும் வைத்து, தள்ளுவதற்குத் தயாராக நின்றுகொண்டிருந்தார். பத்து மணியிலிருந்து அப்படியே நிற்கிறார்! ஐயா நடுநடுவே ஒரு கையைத் தூக்கி, "இருப்பா" என்கிறார். அப்பாவும் இருக்கிறார்.

"அப்பா! பதினொன்னு ஆவப் போவுது! தள்ளுங்க!"

"இரும்மா" என்றார் ஐயா திரும்பாமலே. "பையன் பேசிக்கிட்டிருக்கான்ல? ரெண்டு நிமிஷம்."

அப்பா என்னைப் பார்த்தார். என் இஸ்திரி குர்தாவை, செருகிய பாவாடையை, சேற்றுக் காலைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பிறகு ஐயாவின் முதுகைப் பார்த்தார். அப்பா அந்த மனிதரிடம் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஊரில் யாரும் கேட்டதில்லை.

"மொறை முடிஞ்சு போச்சுங்க ஐயா" என்றார் அப்பா.

சொல்லிவிட்டுத் தள்ளினார். ஒரு மணி நேரமாக அடக்கி வைத்த தள்ளு அது. சாக்கோடு சேர்ந்து பீரோ பாய்ந்து போய், மாடிப்படி ரூம் சுவரில் இடித்து, ஒரு கணம் யோசித்துவிட்டு, மல்லாக்கச் சாய்ந்தது. வீடே அதிர்ந்தது. உள்ளேயிருந்து பாச்சை உருண்டைகள் சிதறி மாடி முழுக்க உருண்டன.

சத்தம் அடங்கியதும் ஐயாவின் கையிலிருந்து ஒரு குரல், பக்கத்தில் நின்று பேசுவது போலத் தெளிவாகக் கேட்டது.

"அப்பா? அங்க என்ன சத்தம்? அப்பா, பேசுங்க!"

ஐயா போனைப் பார்த்தார். மல்லாந்து கிடந்த பீரோவைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"வருதே!" என்றார்.

"அது எப்பவுமே வந்துக்கிட்டுதான் சார் இருக்கு!" என்று கத்திவிட்டுப் படியில் இறங்கி ஓடினேன். பாதி வயலில்தான் புத்தியில் உறைத்தது. லைன் இந்நேரம் வந்திருக்கும். லேப்டாப் தானாகவே மீட்டிங்கில் சேர்ந்திருக்கும். காமிரா திறந்துதான் இருக்கிறது. நாற்காலியில் ஆள் இல்லை. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறும்போது ரூமிலிருந்து பேச்சுக் குரல் கேட்டது. கதவருகில் நின்று எட்டிப் பார்த்தேன். என் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் எனக்காகக் கொண்டுவந்த மோர்ச் சொம்பு. திரையில் மேனேஜரும் ஐந்தாறு வெள்ளைக்காரர்களும்.

"பீரோவாம்மா?" என்று மேனேஜர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமா தம்பி. அது நின்னா நீங்க வர மாட்டீங்க. இப்ப நீங்க வந்துட்டீங்கன்னா அங்க தள்ளிட்டாங்கன்னு அர்த்தம். பொண்ணு ஓடி வந்துடும், இருங்க. அவங்கள்லாம் சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டிருப்பாங்கம்மா."

"தம்பி, நீங்கதான் எங்க பொண்ணுக்குப் பெரியவரா?"

"மேனேஜருங்கம்மா."

அம்மா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அதை மறுபடி அங்க கூப்புட்டுக்காதீங்க தம்பி. ஒம்போது வருஷம் லீவுக்கு லீவு வரும், பேசவே பேசாது. சாப்புடும், தூங்கும், போயிடும். சின்ன வயசுல அப்படிப் பாடும் அந்தப் புள்ள. எல்லாம் நின்னு போச்சேன்னு நெனச்சுக்கிட்டேன். இப்ப இந்த ரூமுல கதவைச் சாத்திக்கிட்டா தன்னால பாடுது தம்பி. நான் கீழ படியில உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பேன். சொன்னா நிறுத்திடும்னு சொல்லல."

வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, இந்த அம்மா என்ன சொல்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டாள். பொண்ணு பாடுவாங்களாம் என்று மட்டும் அவர் சொன்னார். பிறகு தமிழில், "கூப்பிடலைம்மா. அவங்க அங்கயே இருக்கட்டும்" என்றார்.

நான் பாடுகிறேன் என்றே எனக்குத் தெரியாது. கதவுக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் வாயைப் பொத்தி, ஆசை தீர அழுதேன். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அம்மாவை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, அந்தச் சேற்றுக் காலோடு என் வேலையைக் காட்டினேன்.